நிழற்பட நடைப்பயணம்: ஒரு சிறுதொழிலின் பாடங்கள்

(தோட்ட இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாங்கள் உடன்பிறந்தார் இருவர். ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இருள் பிரியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விளக்கேந்தி நிரைக்குள் நுழைந்த பெற்றோரின் பிள்ளைகள். இன்று சிங்கப்பூரில் ஒரு சிறுதொழில் நடத்தி வருகின்றோம். நிழற்படக் கருவியுடன் வரும் பயணிகளைச் சிறு குழுவாக அழைத்துச் சென்று, இடங்களைக் காட்டி, அவ்விடங்களைப் படமெடுக்கும் முறையையும் கற்றுத் தருவதே அத்தொழில்.

“இதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?” என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. விடியற்காலைக் குளிரில் பால் நன்றாக வடியும்; வெயில் ஏறினால் குறைந்துவிடும். நிழற்பட ஒளியும் அத்தகையதே. சிங்கப்பூரில் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு எழுகின்றான். அதன் பின் ஓரிரு மணி நேரம் சாய்ந்து விழும் மென்மையான ஒளியே முகங்களுக்கும் கட்டடங்களுக்கும் அழகு சேர்க்கும். நண்பகலில் கண்குழிகளில் நிழல் விழும். ஆகவே அதிகாலையில் எழும் பழக்கமே எங்கள் முதல் முதலீடாக அமைந்தது.

எங்கள் நடை தேக்காச் சந்தையில் தொடங்கும். மீன்கடைகளையும் காய்கறிக் கடைகளையும் கடந்து, கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா மாளிகையின் பல வண்ணச் சன்னல்களைக் காண்போம். ‘கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமை. இங்கு முன்னாளில் கால்நடை வணிகம் நடந்ததை அப்பெயரே உரைக்கின்றது. பூக்கடைகளைக் கடந்து, சிராங்கூன் சாலை வழியாக 1855ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் வரை செல்வோம். மழை வந்தால் ஐந்தடி நடைபாதையில் நின்று, ஈரத் தெருவில் விளக்கொளி விழுவதைப் படமெடுக்கச் சொல்லுவோம். தோட்டத்தில் மழை பெய்தால் வேலை நிற்கும். எங்களுக்கோ மழையும் ஒரு பாடம்.

மற்றொரு நாள் பூமலைக்குச் செல்வோம். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்திறங்கியது அங்குத்தான். 1888இல் அதன் இயக்குநரான ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். உலகெங்குமிருந்து வரும் பயணிகளிடம் இதனை விளக்கும்போது, எங்கள் தாயின் கைக்கத்தி எங்கள் கண்முன் நிற்கும்.

இனி, நாங்கள் தவறிய இடங்களைச் சொல்லுகின்றோம். தொடக்கத்தில் முன்பதிவுகளை ஒரு குறிப்பேட்டிலும் கைப்பேசிச் செய்திகளிலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்தோம். ஒரு ஞாயிறு காலையில் எட்டுப் பேருக்குரிய நடைக்குப் பதினொருவர் வந்து நின்றனர். அவர்களுள் ஒரு முதியவர், முதல் பேருந்தில் ஜோகூரிலிருந்து எல்லையைக் கடந்து வந்தவர். மூவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பணத்தைத் திருப்பித் தந்தோம். ஆனால் அம்முதியவர் இழந்த காலைப் பொழுதைத் தர எங்களால் இயலவில்லை.

அன்றுதான் முன்பதிவு மென்பொருளை ஏற்றோம். அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கிராணியார் கையிலுள்ள செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். யார், எந்நாள், எந்த வேலை என்பது ஒரே ஏட்டில் இருக்கின்றதன்றோ? மென்பொருளும் அவ்வாறே. எட்டு இடங்கள் நிறைந்தவுடன் அந்நாளைத் தானே மூடிவிடும். முன்பணத்தைப் பெற்றுக்கொள்ளும். முதல் நாள் மாலையில் கூடுமிடத்தையும் நேரத்தையும் நினைவூட்டும். எவரேனும் விலகினால் காத்திருப்பவருக்கு இடம் தரும்.

எனினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிற நிறுவனங்களின் விற்பனைத் தளங்கள் வழியே ஆள் சேர்த்தால், நூற்றுக்கு 20 முதல் 30 வெள்ளி வரை கழிவாகப் போகக்கூடும். கணக்குப் பார்த்தே விலை வைக்க வேண்டும். மேலும், வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள். 2012ஆம் ஆண்டின் சிங்கப்பூர்த் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்குமாறு கட்டளையிடுகின்றது.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஊதியம் பெற்று வழிகாட்டுவோர், பயிற்சி முடித்துப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மலேசியாவிலும் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி வழிகாட்டிகளுக்கு உரிமம் தேவை. “சிறிய தொழில்தானே” என்று இதனைத் தள்ளிவிடலாகாது.

இறுதியாக, எங்களை மாற்றிய ஒரு நிகழ்ச்சி. ஞாயிறு மாலைகளில் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்கள் தேக்கா வட்டாரத்தில் கூடுவர். எங்கள் குழுவில் வந்த ஒருவர், புல்வெளியில் அமர்ந்து வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞரை மிக அருகில் சென்று படமெடுத்தார். இளைஞர் முகத்தை மறைத்துக்கொண்டு, “அண்ணே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்று எங்களிடம் தமிழில் வினவினார். நாங்கள் நாணினோம்.

முன்னாளில் சிங்கப்பூரின் படப்பிடிப்பு நிலையங்கள் எடுத்த தமிழ்த் தொழிலாளர் படங்கள், பெயர் ஏதுமின்றி அஞ்சலட்டைகளில் விற்கப்பட்டன. அந்த முகங்கள் நம் பாட்டன் பாட்டியரின் முகங்களாகவும் இருக்கலாம். அதே பிழையை நாமே கூலி பெற்றுக்கொண்டு செய்வதா? அப்படத்தை அழிக்குமாறு வேண்டினோம். பயணி சினந்து, படத்தை அழித்துவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டார், கொடுத்துவிட்டோம். அந்நாள் முதல், கேட்காமல் எவர் முகத்தையும் எடுப்பதில்லை என்னும் விதியை முன்பதிவின்போதே தெரிவிக்கின்றோம். இதனைப் படித்துப் பதிவு செய்யாமல் விலகுவோரும் உளர். ஆயினும் பூக்கட்டும் அம்மா இன்று எங்களைக் கண்டால், “வாங்க தம்பி” என்று அழைத்து, தாமே ஒளிப்பக்கம் திரும்பி அமருகின்றார்.

இளைஞர்களே! தொழில் எதுவாயினும் ஆகுக. ஏட்டை ஒழுங்காக வையுங்கள். உரிமத்தை முறையாகப் பெறுங்கள். நம்மைப் போன்று உழைப்பவரின் முகத்திற்கு மதிப்புக் கொடுங்கள். இந்தத் தோட்டத்தின் விடியலையும் உங்கள் பெற்றோர் கைகளையும் முதலில் நீங்களே படமெடுத்து, அடியில் அவர்கள் பெயரை எழுதி வையுங்கள்.