அமைச்சராய் வந்த அப்புக்காத்து

கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பகுதியில், மூதூருக்கு அப்பால் அமைந்த ஊர் கட்டைபறிச்சான். அப்பக்கத்துக் கடற்கரையில் வடக்கு நோக்கி நிற்போர்க்கு, நீர்ப்பரப்பின் மறுபுறத்தே திருகோணமலையின் சுவாமிமலை தென்படும். அம்மலைமேல் உள்ள கோணேசர் கோயிலின் பொருட்டு 1968ஆம் ஆண்டில் ஓர் அமைச்சர் தம் பதவியைத் துறந்தார். அவர் மு. திருச்செல்வம். அமைச்சராவதற்கு முன் அவர் நெடுங்காலம் அரசாங்கத்தின் சட்டத்தரணியாய் விளங்கியவர்.

1907ஆம் ஆண்டு நவம்பரில் பிறந்த திருச்செல்வம், சட்டம் கற்று அப்புக்காத்தாகி, அரச சட்டத்துறையிற் படிப்படியாக உயர்ந்து, சொலிசிற்றர் ஜெனரல் எனப்படும் மன்றாடியார் நாயகம் பதவியை வகித்தார். இராணி அப்புக்காத்து என்ற சிறப்பையும் பெற்றார். அரசாங்கம் வழக்காடும்போது அதன் வாயாக இருப்பதும், வழக்காடாதபோது அதற்கு ஆலோசனை கூறுவதுமே அப்பதவியின் கடமை. கூறிய ஆலோசனையை ஏற்பதும் தள்ளுவதும் அமைச்சர்களின் பொறுப்பு. அதன் பழியோ புகழோ சட்டத்தரணியைச் சேர்வதில்லை. இவ்வாறு ஆலோசனை கூறியவரே ஆசனத்தில் அமர்வது பிறநாடுகளிலும் நிகழ்ந்ததுண்டு. ஆபிரிக்காவில், 1963 முதல் கென்யாவின் சட்டமா அதிபராயிருந்த சார்ள்ஸ் ஞொன்ஜோ 1980இல் அப்பதவியை விட்டு, தேர்தலில் வென்று அமைச்சரானார். திருச்செல்வம் வந்த வழியோ வேறு. அவர் எத்தொகுதியிலும் வாக்குக் கேட்டு வென்றவர் அல்லர்.

1965 மார்ச்சுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்களே கிடைத்தன. ஆட்சி அமைப்பதற்கு அத்தொகை போதாது. தமிழரசுக் கட்சியிடம் 14 ஆசனங்கள் இருந்தன. மார்ச் 24ஆந் திகதி டட்லி சேனநாயக்காவும் சா. ஜே. வே. செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். வடக்குக் கிழக்கில் நிருவாகமும் நீதிமன்றமும் தமிழில் நடைபெறல், மாவட்ட சபைகளை அமைத்தல், அரசாங்கக் குடியேற்றக் காணிகளில் அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோர்க்கு முதலிடம் அளித்தல் ஆகியன அதன் கூறுகள். கந்தளாய், அல்லைத் திட்டங்களைத் தம் கண்முன்னே கண்டிருந்த கொட்டியாரப்பற்று மக்களுக்கு, அக்கடைசிக் கூறு எத்தகையது என்பதை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

தமிழரசுக் கட்சி தன் பாராளுமன்ற உறுப்பினர் எவரையும் அமைச்சராக்கவில்லை. திருச்செல்வம் மூதவை என்னும் செனட் சபைக்கு நியமிக்கப்பட்டு, உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகளை உருவாக்கும் பணி அவ்வமைச்சுக்கே உரியது. சட்டம் வரையத் தெரிந்த ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தியது பொருத்தமான தெரிவே.

மாவட்ட சபை என்றவுடன் கொழும்பில் இருப்போர்க்குப் பிரிவினை நினைவுக்கு வந்தது. கட்டைபறிச்சான் போன்ற ஊருக்கோ அது துறையும் தெருவும் பற்றிய காரியம். அக்காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்குச் செல்வோர் குடாவை லோஞ்சில் கடக்கவேண்டும். தரைவழியே சென்றால் கங்கை, உப்பாறு, கிண்ணியா என ஒவ்வொரு துறையிலும் ‘பாதை’ வருமளவும் காத்திருக்க வேண்டும். எத்துறைக்கு எப்போது பாலம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கிராம சபையிடமும் இல்லை, மாவட்டத்திடமும் இல்லை. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டில் என்பதைச் சொன்னாற் போதும்.

தமிழ் மொழிக்குரிய விதிகள் 1966 சனவரியிற் பாராளுமன்றத்தில் நிறைவேறின. மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை வெளிவர 1968ஆம் ஆண்டாயிற்று. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன, ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. பிரதமர் அதனைக் கைவிட்டார். திருச்செல்வம் அமைச்சரானதன் நோக்கமே அத்துடன் போயிற்று எனலாம். ஆயினும் அவர் அன்று விலகவில்லை.

அவர் விலகியது கோயிற் காரியத்தில். கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். பின்னர் ஆங்கிலேயர் அதற்குப் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். 1950ஆம் ஆண்டில் நிலத்தை அகழ்ந்தபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. கோயில் மீளக் கட்டப்பட்டு 1963இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. ஆயினும் கோயிலுக்குச் செல்லும் வழி கோட்டை வாயிலினூடாகவே அமைந்தது. கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்க வேண்டும் என்ற வேண்டுகோள் எழவே, அமைச்சர் அதனை ஆராயக் குழு ஒன்றை நியமித்தார். அறிவித்தல் அன்று, ஆராய்தல் மட்டுமே அதன் வேலை.

அவ்விடம் மகாசேன மன்னன் காலத்துக் கோகர்ண விகாரை இருந்த இடம் எனக் கருதிய பௌத்த பிக்கு ஒருவர் பிரதமருக்கு ஆட்சேபம் தெரிவித்தார். ஆட்சேபிக்கும் உரிமை அவர்க்கு உண்டு. வரலாற்றில் இருதரப்பு வாதத்தையும் கேட்கத்தக்க இடம் அத்தகைய குழுவே அன்றோ? பிரதமரோ தம் அமைச்சரைக் கலந்துகொள்ளாமலே குழுவின் வேலையை நிறுத்தப் பணித்தார். திருச்செல்வம் பதவி துறந்தார். பின்னர் அவருடைய கட்சியும் அரசாங்கத்தை விட்டு நீங்கியது.

மாவட்ட சபை போனபோது இருந்தவர், ஒரு குழு கலைந்ததற்காக விலகுவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முன்னதே பெரிய இழப்பு. விலகுவதாயின் அன்றே விலகியிருக்கலாம் என்று கூறுவாரை மறுப்பது எளிதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மசோதா ஒன்றைக் கைவிடுதல் அமைச்சரவை முழுவதற்கும் உரிய முடிவு. வாக்குப் போதாமை அதற்கு ஒரு காரணமாகலாம். அமைச்சர் தம் அதிகாரத்துக்குட்பட்டுச் செய்த சிறு நியமனத்தை அவரறியாமல் நீக்குதல், அவர் அமைச்சரே அல்லர் என்று சொல்லுதற்கு ஒப்பாகும். வாழ்நாளெல்லாம் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று சட்டநூலிற் பார்த்துச் சொல்லிவந்த ஒருவர்க்கு, இது மற்றவர்களைவிடத் தெளிவாக விளங்கியிருக்கும்.

அவர் அமர்ந்திருந்த மூதவை 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. துண்டுப்பிரசுரங்கள் தொடர்பாக அ. அமிர்தலிங்கம் முதலிய தமிழ்த் தலைவர்கள் 1976இல் நீதிபதிகள் மூவர் முன்னிலையில் விசாரிக்கப்பட்டபோது, எதிரிகளுக்காகத் தோன்றிய அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகளுள் செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் இருந்தனர், திருச்செல்வமும் இருந்தார். ஒருகாலத்தில் முடிக்குரிய அரசின் பக்கத்தில் நின்று வழக்காடியவர், அவ்வழக்கில் எதிரிக்கூண்டின் பக்கத்தில் நின்றார். அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி அவர் காலமானார்.