மூடிக்கு மேலே நிற்பவர்

தோழர்களே, ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்குப் பிறகும் மேற்பார்வையாளர் சொல்வது, "முகமூடி போடச் சொன்னா கேக்கமாட்டாங்க." விழிப்புணர்வு முகாமும் இறங்குகிறவருக்குத்தான் நடக்கிறது. துணி முகமூடி ஹைட்ரஜன் சல்பைடைத் தடுக்காது. அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்குகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் சாகிறார்.

பாதுகாப்புக் கருவியின்றி இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டுவரை சிறை என்கிறது 2013 சட்டம். இறக்கியவர்கள் அதற்கு அஞ்சியதாகத் தெரியவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. நாமும், என்னையும் சேர்த்துத்தான், இழப்பீட்டுக்குப் போராடிய அளவு வேலையை மறுக்கும் உரிமைக்குப் போராடவில்லை. இயந்திரம் வராமல் மூடியைத் திறக்கமாட்டேன் என்பவருக்கு அன்றைய கூலியை யார் தருவது? சங்கங்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.