பாயை விட்டு எழுந்தால் தூக்கம் வரும்

(வானொலியின் விவசாய ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசிய உரை)



உரமிடுதல், பயிர்ப் பாதுகாப்பு, நீர் நிர்வாகம் என்று இத்தனை நாள் பேசி வந்த நான், இன்றைக்கு ராத்திரித் தூக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "வேளாண்மை அலுவலருக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு விவசாயிக்கு நான் தவறான யோசனை சொல்லிவிட்டேன். அதே யோசனையை உங்களில் பலரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டிருப்பீர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

எங்கள் வட்டாரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் நஞ்சை. வயது ஐம்பதுக்கு மேல். ஒரு வருடம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக் கொண்டு, சாய்ந்த கதிரெல்லாம் வயலிலேயே முளைத்துவிட்டது. கடனை நினைத்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அது நியாயம்தான். அடுத்த வருடம் நல்ல விளைச்சல். கடனும் பெரும்பாலும் அடைந்தது. ஆனால் போன தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

"சார், பயிருக்கு என்னென்னமோ மருந்து சொல்றீங்க. எனக்கு ராத்திரி தூங்க ஒரு மருந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"அண்ணே, எட்டு மணிக்கே போய்ப் படுத்துடுங்க. மத்தியானம் மோட்டார் கொட்டகையிலே கொஞ்ச நேரம் கண்ணை மூடுங்க. சரியாப் போயிடும்" என்றேன்.

சரியாகப் போகவில்லை, அதிகமாகத்தான் ஆயிற்று. எட்டு மணிக்குப் படுத்து, விடிய விடியப் புரண்டு கொண்டிருந்தார். கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக் கொள்ள ஆரம்பித்தார். ஒரு நாள் கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நின்றபடியே கண் சொருகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாளே அவரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, அங்கே இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "படுக்கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள்? அதில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" நான் சொன்ன யோசனையையும் கேட்டார். "நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

யார் இந்தத் தூக்க உளவியலாளர்?

பொதுவாக இவர்கள் மருந்துச் சீட்டு எழுதுகிறவர்கள் அல்ல. மனிதனுடைய பழக்கம், எண்ணம், கவலை இவையெல்லாம் தூக்கத்தை எப்படிக் கெடுக்கின்றன, எப்படிச் சரி செய்கின்றன என்று பார்க்கிறவர்கள். இவர்களுக்கு மூன்று வேலை. ஆராய்ச்சி செய்வது, நோயாளிகளைக் குணப்படுத்துவது, மாணவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது. நம் விவசாயத்தில் ஆராய்ச்சிப் பண்ணை, செயல்விளக்கத் திடல், பயிற்சி முகாம் என்று மூன்று இருக்கிறதல்லவா? அந்த மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக் கொள்வது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அப்படி வேலை செய்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் ரிச்சர்ட் பூட்சின். சிகாகோ நகரத்துக்கு அருகில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலும், பிறகு அரிசோனா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர், 2014-இல் காலமானார். மற்றவர் ஆர்தர் ஸ்பீல்மன். நியூயார்க் நகரத்தில் சிட்டி காலேஜ் என்ற அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திக் கொண்டே, அந்த நகரத்து மருத்துவமனைகளில் தூக்கம் வராதவர்களையும் கவனித்தவர், 2015-இல் காலமானார்.

மூன்று காரணங்கள்

தூக்கம் கெடுவதற்கு மூன்று வகைக் காரணம் உண்டு என்று ஸ்பீல்மன் 1987-இல் எழுதினார். முதலாவது, ஒருவருடைய இயல்பு. சிலருக்குச் சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வந்துவிடும். இரண்டாவது, தூக்கத்தைக் கெடுத்த சம்பவம். கடன், நோய், வீட்டில் ஒரு சாவு. மூன்றாவதுதான் முக்கியம். சம்பவம் முடிந்த பிறகும் தூக்கமின்மையை நீடிக்க வைக்கும் பழக்கங்கள். போன தூக்கத்தை ஈடு கட்டலாம் என்று சீக்கிரமே படுப்பது, பகலில் தூங்குவது, விடிந்த பிறகும் படுத்தே கிடப்பது. இவையெல்லாம் மனிதன் நிவாரணம் என்று நினைத்துச் செய்கிற காரியங்கள். இவையே நோயை வளர்க்கின்றன.

இதைப் படித்ததும் எனக்குப் புகையான்தான் நினைவுக்கு வந்தது. பயிர் வாடுகிறதே என்று யூரியாவை அள்ளிப் போடுகிறோம். கண்ட மருந்தையும் அடிக்கிறோம். நடப்பது என்ன? கூடுதல் தழைச்சத்தில் புகையான் பெருகுகிறது. அடித்த மருந்தில் அதைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் சாகின்றன. வைத்தியமே வியாதியை வளர்த்துவிடுகிறது. நான் அந்த அண்ணனுக்குச் சொன்னதும் அந்த யூரியா மாதிரிதான்.

பாயும் மனமும்

பூட்சின் தம்முடைய முறையை 1972-இல் வெளியிட்டார். அவர் கவனித்தது இதுதான். நல்ல தூக்கம் உள்ளவனுக்குப் பாயில் தலை சாய்த்ததும் தூக்கம் வருகிறது. பாய் என்றால் தூக்கம் என்று உடம்பு பழகியிருக்கிறது. தூக்கம் வராதவனோ பல மாதங்கள் அதே பாயில் விழித்துக் கிடந்து, கவலைப்பட்டு, கணக்குப் போட்டிருக்கிறான். ஆகையால் பாய் என்றால் விழிப்பு என்று அவன் உடம்பு பழகிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணைச் சுழற்றிய தூக்கம், உள்ளே போய்ப் படுத்ததும் ஓடிப் போவது இதனால்தான்.

பழகியதை மாற்றிப் பழக்கலாம் என்றார் பூட்சின். அவர் சொன்ன விதிகள் இவை:

1. கண் சொக்கினால் மட்டும் படுக்கப் போங்கள். மணி ஆகிவிட்டது என்பதற்காகப் படுக்காதீர்கள்.

2. படுக்கை தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும். படுத்துக் கொண்டு சாப்பிடுவது, செல்போன் பார்ப்பது, வரவு செலவு யோசிப்பது கூடாது.

3. படுத்து ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். உத்தேசமாக இருந்தால் போதும்.

4. தூக்கம் வந்த பிறகு திரும்பப் படுங்கள். மறுபடி வராவிட்டால் மறுபடி எழுந்திருங்கள். ஒரே ராத்திரியில் எத்தனை தடவை ஆனாலும் சரி.

5. ராத்திரி எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும், தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள்.

6. பகல் தூக்கம் வேண்டாம்.

நம் பெரியவர்கள் காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். இரவில்தான் விரிப்பார்கள். இரண்டாவது விதி அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. இன்றைக்குக் கட்டிலும் மெத்தையும் போட்ட வீட்டில் படுக்கை எந்நேரமும் விரித்தபடி கிடக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

ஸ்பீல்மன் இன்னொரு முறையைக் கண்டார். எங்கள் விவசாயியின் கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். ராத்திரி 8 மணி முதல் காலை 6 மணி வரை 10 மணி நேரம் படுக்கை; தூங்கியதோ ஐந்தரை மணி நேரம். அதாவது நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்குதான் தூக்கம். ஸ்பீல்மன் என்ன செய்வாரென்றால், படுக்கை நேரத்தையும் ஐந்தரை மணியாகவே குறைத்துவிடுவார். எழுந்திருப்பது காலை 5 மணி என்றால், படுப்பது ராத்திரி 11.30 மணி. அதற்கு முன்பு படுக்கக் கூடாது. சில நாள் சராசரியில் படுத்த நேரத்தில் நூற்றுக்கு 90 பங்கு தூங்கினால், 15 நிமிடம் கூட்டிக் கொடுப்பார். 11.15-க்குப் படுக்கலாம். இப்படியே படிப்படியாகக் கூட்டிக் கொண்டு போவார். 85-க்குக் கீழே போனால் நேரத்தைக் குறைப்பார்.

தூக்கம் இல்லாதவனுக்குப் படுக்கையையும் குறைப்பதா என்று தோன்றும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால் வேர் மேலோடு நிற்கும். கொஞ்சம் காய விட்டால் ஆழமாக இறங்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் தூக்கத்தின் தேவை, கிணற்றில் ஊற்று ஊறுவது மாதிரி ஊறிக் கொண்டே வருகிறது. பகல் தூக்கம் அந்தத் தண்ணீரை இறைத்துவிடுகிறது. ராத்திரி மோட்டார் போட்டால் காற்றுதான் வரும்.

ஸ்பீல்மனும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்த முறையை 35 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த 35 பேருக்கும் தூக்கமின்மை சராசரியாகப் பதினைந்து வருடத்துக்கு மேல் இருந்த வியாதி. எட்டு வாரத்தில் அவர்கள் படுத்ததும் சீக்கிரம் தூங்கினார்கள். நடுவில் விழித்துக் கிடப்பது குறைந்தது. மொத்தத் தூக்கமும் கூடியது. 1987-இல் இதை வெளியிட்டார்கள்.

ஆராய்ச்சிக்கு இரண்டு கருவி. ஒன்று, தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மெல்லிய கம்பிகளை ஒட்டி, ராத்திரி முழுவதும் மூளை அலைகளைப் பதிவு செய்யும் இயந்திரம். இன்னொன்று வெறும் நோட்டுப் புத்தகம். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், எத்தனை தடவை விழித்தேன், எப்போது எழுந்தேன் என்று தினமும் காலையில் நோயாளியே எழுதுவது. மழைமானிப் பதிவேடு மாதிரிதான். எங்கள் விவசாயிக்கும் உளவியலாளர் கொடுத்தது இந்த நோட்டைத்தான்.

இந்த முறைகளோடு, "இன்றைக்குத் தூங்காவிட்டால் நாளைக்குச் செத்தேன்" என்பது போன்ற பயங்களைப் பேசித் தெளிய வைப்பதையும் சேர்த்து, இன்று ஒரே சிகிச்சையாகக் கொடுக்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2016-இல் அறிவித்தது.

கற்றுக் கொடுக்கும் வேலை

கண்டுபிடித்தது ஒருவரோடு நின்றுவிட்டால் ஊருக்கு என்ன பயன்? பூட்சினிடம் அரிசோனாவில் படித்த மைக்கேல் பெர்லிஸ் என்பவர், இந்தச் சிகிச்சையை வாரம் வாரமாக எப்படி நடத்துவது என்று மற்றவர்கள் பார்த்துச் செய்யும்படி வேறு சிலரோடு சேர்ந்து ஒரு கையேடு எழுதினார். அப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவராக, எங்கோ இருந்த வித்தை நம் ஊர் ஆஸ்பத்திரி மேஜை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல விதை நெல் பரவுவதும் இப்படித்தானே?

எச்சரிக்கை

படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறையைத் தானாகச் செய்ய வேண்டாம். ஆரம்பத்தில் பகலில் தூக்கம் தள்ளும். அந்த நாட்களில் டிராக்டர் ஓட்டுவது, மரம் ஏறுவது, கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கம் போவது கூடாது. வலிப்பு உள்ளவர்களும், மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. தூக்க மாத்திரை பல நாளாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது வேறு வியாதி. அதற்கு வேறு வைத்தியம்.

தூக்கம் இல்லாமல் மனமும் ஒடிந்து, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி இது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எங்கள் விவசாயி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முதல் பத்து நாள் என்னைத் திட்டித் தீர்த்தார். ராத்திரி நாலு தடவை எழுந்து திண்ணைக்குப் போனாராம். இரண்டு மாதம் கழித்து நோட்டைக் கொண்டு வந்து காட்டினார். ராத்திரி பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார். டாக்டர் சொன்னபடி மாத்திரையும் நின்றுவிட்டது. ஒவ்வொரு நாள் தூக்கம் வருவதில்லைதான். "வரலேன்னா எழுந்து போய் மாட்டைப் பார்த்துட்டு வர்றேன் சார். முன்னே மாதிரி பயம் இல்லே" என்றார்.

தூக்கம் வராத ராத்திரியில் பாயோடு மல்லுக்கட்டாதீர்கள். எழுந்திருங்கள். வாசலில் உட்காருங்கள். கண் சொக்கிய பிறகு உள்ளே போங்கள்.