சொல்ல இயலாத முறைப்பாடு

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாகப் புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்று பெண்கள். 1921ஆம் ஆண்டிலே கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபோது மிகச் சிலராய் இருந்த மாணவிகள், 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தின் பின்னர் படிப்படியாகப் பெருகி, இப்போது பல பீடங்களில் ஆண்களிலும் கூடிய தொகையினராய் அமர்ந்திருக்கின்றனர். இது நாட்டுக்குப் பெருமை தருவதே. ஆயினும் அவர்கள் அச்சமின்றி அமர்ந்திருக்கின்றனரா என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடை அத்துணைப் பெருமை தருவதன்று.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் அரச பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வொன்று 2022ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. வினவப்பட்ட மாணவரில் 51 வீதத்தினர் தாம் சொல்லால் இழிவுபடுத்தப்பட்டதாகவும், 16.6 வீதத்தினர் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகவும் கூறியிருந்தனர். அதாவது ஆறு பேருக்கு ஒருவர். இவர்களுள் எத்தனைபேர் அதிகாரிகளிடம் சென்று முறையிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், நோயின் வேர் எங்கிருக்கிறது என்பது ஒருவாறு புலப்படும்.

சட்டம் இல்லாமையால் இத்தீங்கு நிலைத்திருக்கிறது என்று சொல்வதற்கில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டுப் பாலியல் தொல்லை தனிக்குற்றம் ஆயிற்று. உடலைத் தீண்டினாற்றான் குற்றம் என்பதில்லை. சொல்லும் செயலும் போதும். அதிகாரத்தில் உள்ள ஒருவர், மற்றவர் விரும்பாதிருக்கவும் பாலியல் நோக்குடன் சொல்லாலோ செயலாலோ அணுகுவது குற்றமென்று அப்பிரிவின் விளக்கம் கூறுகின்றது. ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது; பகிடிவதையின்போது பாலியல் தொல்லை நிகழுமாயின் தண்டனை 10 ஆண்டுவரை நீளும். 2023ஆம் ஆண்டின் ஊழலுக்கு எதிரான சட்டமோ, ஓர் உத்தியோகத்தர் தமது கடமையைச் செய்வதற்குப் பாலியல் இணக்கத்தை விலையாகக் கேட்பதை இலஞ்சமென்றே கொள்கின்றது. ஏட்டிலே குறை பெரிதாக இல்லை.

பின் ஏன் மாணவி வாய் திறப்பதில்லை?

அவளுடைய நிலையைச் சற்று ஆராய்தல் வேண்டும். கிராமத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்தவள். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் மாவட்ட ஒதுக்கீட்டின்கீழ்க் கிடைத்த ஓர் இடத்தைப் பற்றிக்கொண்டிருப்பவள். அந்த இடத்தை விட்டால் வேறொரு பல்கலைக்கழகத்தின் கதவு எளிதிற் திறவாது. இறுதியாண்டிலே அவளது ஆய்வுக் கட்டுரைக்கு மேற்பார்வையாளர் ஒருவரே. அத்துறையில் அவ்விடயத்தைக் கற்பிப்பவரும் பெரும்பாலும் அவரேயாவர். வினாத்தாளைத் தயாரிப்பதும் விடைத்தாளைத் திருத்துவதும் அவர். பின்னர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நற்சான்று எழுத வேண்டியவரும் அவர். அத்தகைய ஒருவர் மாலை ஆறு மணிக்குமேல் அறைக்கு வந்து கட்டுரையைத் திருத்திக்கொண்டு போகும்படி சொன்னால், அல்லது நள்ளிரவிற் கையடக்கத் தொலைபேசிக்குத் தேவையற்ற செய்திகளை அனுப்பினால், அவள் என் செய்வாள்? சிரித்து மழுப்புவாள். அந்தச் சிரிப்பே பின்னர் விசாரணையில் அவளுக்கு எதிரான சாட்சியாகின்றது. “அவள் மறுக்கவில்லையே” என்பார்கள். மறுக்கும் ஆற்றல் அற்ற இடத்தில் மறுக்காமை சம்மதமாகாது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய சட்டஞானம் வேண்டியதில்லை.

சிரேஷ்ட மாணவரால் வரும் தொல்லை இன்னொரு வகை. பகிடிவதை என்னும் பெயரே ஒரு மயக்கம். பகிடி என்றால் இருவரும் சிரிக்க வேண்டும். 1975ஆம் ஆண்டிலே பேராதனையில், இராமநாதன் விடுதியில், வதைக்குத் தப்பும்பொருட்டு மாணவியொருத்தி இரண்டாம் மாடியிலிருந்து குதித்தாள். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு நடமாட்டம் இழந்தவளாய் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, 2002ஆம் ஆண்டிலே தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். அவளை வதைத்தோரும் மாணவியரே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆண்களின் விடுதிகளிலே ஆண்பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் வதையோ பேச்சிற்கூட வருவதில்லை. “ஆண்பிள்ளைக்கு என்ன வெட்கம்?” என்று ஊர் கேட்கும், ஆதலின் அவன் பெண்ணிலும் ஆழமாக அதனைப் புதைத்துவிடுகின்றான்.

தடுக்கும் வழி யாது? சுவரொட்டிகளும் வருடாந்தக் கருத்தரங்குகளும் தீங்கற்றவை. அவற்றாற் பெரிய பயனும் இல்லை. ஒருவர் கையிலே குவிந்துள்ள அதிகாரத்தைப் பிரிப்பதே முதற்காரியம். ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் இரண்டாவது பரீட்சகர் ஒருவர் வேண்டும். காரணம் கூறாமலே மேற்பார்வையாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை மாணவருக்கு இருத்தல் வேண்டும். காரணம் கேட்கும் விண்ணப்பப் பத்திரம் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். முறைப்பாட்டை ஏற்பவர் அதே துறையைச் சேர்ந்தவராய் இருத்தலாகாது. துறைத்தலைவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் இருபது ஆண்டுகளாக ஒரே மேசையிலிருந்து தேநீர் அருந்துபவர்கள். அவரிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது அவருக்கும் கொடுமை.

அண்டை நாடாகிய இந்தியாவிலே உயர் நீதிமன்றுக்கும் மேலான உச்ச நீதிமன்றம் 1997ஆம் ஆண்டில் விசாகா வழக்கிலே வழிமுறைகளை வகுத்தது. 2013ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு நிறுவனத்திலும் பெண்ணொருவர் தலைமையில் உள்ளகக் குழு அமைய வேண்டுமென்றும், விசாரணை 90 நாளில் முடிவுற வேண்டுமென்றும் விதித்தது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் நாளெல்லை ஒன்றைக் குறித்தமை கவனிக்கத்தக்கது. மூன்று ஆண்டுகள் இழுபடும் விசாரணையில் மாணவி பட்டம்பெற்று வெளியேறிவிடுவாள், சாட்சிகளும் கலைந்துவிடுவர், கோப்பு மாத்திரம் எஞ்சும்.

விசாரணை நடக்கும் காலத்தில் யார் இடம் மாறுவது என்பதும் சிறிய கேள்வியன்று. வழக்கமாக மாணவியையே வேறு வகுப்புக்கு, வேறு விடுதிக்கு மாற்றுகிறார்கள். அவளுக்குப் பாதுகாப்பு என்பது அதற்குச் சொல்லும் நியாயம். பார்ப்பவர் கண்ணுக்கோ அது தண்டனை. குற்றஞ்சாட்டப்பட்டவரை அவளது பரீட்சைப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலக்குவதில் அநீதி எதுவும் இல்லை, அது தீர்ப்பன்று. அவர் தரப்பையும் முழுமையாகக் கேட்டு, இரு பெயர்களையும் மறைவாகக் காத்து, சான்றை எடைபோட்ட பின்னரே முடிவு செய்தல் முறை. பொய்முறைப்பாடு வரக்கூடும் என்று அஞ்சுவோர்க்கும் நல்ல விசாரணையே காப்பு.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லாதொழிவது நேர்மையாகாது. மாணவிகள் பலர் நடந்ததைத் தோழியிடம் கூறுவர், தாயிடம் கூறார். கூறினால் என்ன விடை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். “படித்தது போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வா.” அடுத்த மாதம் தரகர் வீட்டுக்கு வருவார். தொல்லை கொடுத்தவர் தம் கதிரையில் அமர்ந்திருக்க, தொல்லைப்பட்டவள் மட்டும் படிப்பை இழப்பாள். அன்பினாலேயே பெற்றோர் இவ்வாறு சொல்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்புக்கு அஞ்சித்தான் பிள்ளை மௌனமாகின்றாள். அடுத்து வரும் கேள்வி “நீ என்ன உடுத்திருந்தாய், ஏன் தனியே போனாய்” என்பதாயின், அவள் இனி எக்காலத்திலும் வாய் திறவாள்.

ஆதலின் பிள்ளையை அனுப்பும் நாளிலேயே, பெட்டியோடும் மெத்தையோடும் ஒரு வார்த்தையையும் சேர்த்து அனுப்பலாம்: எது நேர்ந்தாலும் வீட்டிற் சொல், படிப்பை நிறுத்தமாட்டோம். பின்னர் அவள் சொல்ல நேரும்போது முதலிற் கேட்டிருத்தல் வேண்டும். அவளது விருப்பத்தை அறிதல் வேண்டும். உறவினர் வீடுகளுக்கு அச்செய்தியைக் காவிச்செல்லாதிருத்தல் வேண்டும். திகதி, நேரம், இடம், பேசிய சொற்கள் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைக்கவும், வந்த செய்திகளை வெறுப்பினால் அழித்துவிடாதிருக்கவும் சொல்லுதல் நன்று. மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழகத்தின் பால்நிலைச் சமத்துவப் பிரிவிலோ முறையிடலாம். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருப்பின் அல்லது மிரட்டல் இருப்பின் நேரே பொலிசாரிடம் செல்லலாம், அதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டியதில்லை. அவள் விரும்பினால் தந்தையும் உடன்செல்லட்டும். கொடுத்த கடிதத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி, அதன் பிரதியொன்றை வீட்டு அலுமாரியிற் பத்திரப்படுத்தல் வேண்டும். கந்தோர்களிலே இத்தகைய கடிதங்கள் காணாமற் போவதுண்டு.