எட்டு மணி நேரத்தைப் பெற்ற ஊர்

(புதுவையில் ஜூலை 30 தியாகிகள் தினக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளியூர் நண்பர்கள் எங்களைக் கேட்கிறார்கள்: "மில்கள் மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அப்படியும் இந்த ஊரை விட்டுப் போக உங்களுக்கு மனம் வரவில்லையே, கடற்காற்றா பிடித்து வைத்திருக்கிறது?"

கடற்காற்று எந்தக் கடலோர ஊரிலும் வீசும். எங்களைப் பிடித்து வைத்திருப்பது வேறு.

நாங்கள் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். கடிகாரம் இல்லாத வீடுகளில் மில் சங்குதான் மணி. முதல் சங்குக்கு அம்மா உலை வைப்பாள். அடுத்த சங்குக்குள் அப்பா கேட்டைத் தாண்டியிருப்பார். அந்தச் சங்கு எட்டு மணி நேரத்தில் அவரைத் திருப்பி அனுப்பியது. அது யாரும் போட்ட பிச்சையல்ல.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலையொட்டி வெள்ளைக்காரர் மாளிகைகள். மேற்கே தமிழர் தெருக்கள். பிரெஞ்சு ஆட்சி ஊரை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது. இன்று உல்லாசப் பயணிகள் கிழக்கே நின்று படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். ஆனால் புதுவையின் சரித்திரம் அந்த மாளிகைச் சுவரோடு முடிந்துவிடவில்லை.

தோழர் வ. சுப்பையா 1934ல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கினார். தொழிலாளரைத் திரட்டினார். அன்று பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் 1934ஆம் வருஷச் சட்டமே நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலையை அனுமதித்தது. புதுவைத் தொழிலாளியோ எட்டு மணி நேரம் கேட்டான். சங்கம் வைக்கும் உரிமை கேட்டான். பதில் என்ன? 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது. பன்னிரண்டு தோழர்கள் மாண்டார்கள்.

குண்டுக்குப் பயந்து சங்கம் கலைந்ததா? இல்லை. 1937ல் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயின. மில்லில் வென்ற அந்தத் துணிவே நாட்டு விடுதலைப் போருக்கும் உரமாயிற்று. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டு வெளியேறியது.

வயலில் பாடுபடும் தோழர்களே! இது மில்காரர் கதை என்று ஒதுங்க வேண்டாம். மில்லுக்குள் போனவர்களில் பலர் உங்களைப் போன்ற நிலமற்ற குடும்பத்துப் பிள்ளைகள்தான். விடிந்தது முதல் அடைந்தது வரை என்பதே வேலை நேரமாக இருந்த கூலிக்காரனுக்கு, நேரத்துக்கும் கணக்கு உண்டு என்று காட்டியது அந்தப் போராட்டம்.

இன்று அந்தப் பெரிய மில்களில் சங்கு ஊதுவதில்லை. எங்கள் பிள்ளைகள் காண்டிராக்ட் கூலிகளாக அலைகிறார்கள். எட்டு மணி நேரம் முடிந்தும் "இன்னும் கொஞ்சம் இரு" என்கிறான் மேஸ்திரி. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதை மறந்துவிடாதீர்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒற்றுமை இருந்தால் முடியும். ஒற்றுமை குலைந்தால் பறிபோகும்.

ஊரை நேசிப்பது என்றால் கடற்கரையில் உலாவுவது மட்டுமல்ல. அந்த ஊரில் நம்மவர் உயிர் கொடுத்து வாங்கியதைக் காப்பது. காண்டிராக்ட் தொழிலாளியைச் சங்கத்தில் சேருங்கள். வயல் கூலியையும் ஆலைக் கூலியையும் ஒரே கொடியின் கீழ் திரட்டுங்கள். பன்னிரண்டு தோழர்களுக்கும் நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே!