புல்வெட்டும் இயந்திரமும் சங்கத்தின் கதவும்



தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பெற்ற நம் பிள்ளைகளுள் பலர், அத்துடன் படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்று காட்ட, நம்முள் பெரும்பாலோர் நினைத்துப் பாராத ஒரு தொழிலை இன்று எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாட்டின் கோல்ப் ஆடுகளங்களில் இயந்திரங்களைப் பேணும் மெக்கானிக்குகளின் தொழிலே அது. செல்வர் ஆட்டத்தில் நமக்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆடுகிறவரைப் பற்றி நாம் பேச வரவில்லை; களத்தின் பின்னே கொட்டகையில், கையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவரைப் பற்றியே பேசுகிறோம்.

குழியைச் சூழ்ந்த பசும்பரப்பில் புல்லை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். உருளையில் முறுக்கிப் பொருத்திய கத்திகள் சுழன்று, கீழே அசையாது நிற்கும் ஒரு கத்தியோடு சேர்ந்து, கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்குகின்றன. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் படிங் என்பவர், ஆலையில் துணியின் மேற்பிசிரைக் கத்தரிக்கும் இயந்திரத்தைக் கண்டு இதனை அமைத்தார். கத்திகளின் இடைவெளி மயிரிழை பிசகினாலும் புல் வெட்டுப்படாமல் கிழிபடும், நுனி பழுக்கும், நோய் புகும். எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டாலோ, வண்டி சென்ற வழியெல்லாம் புல் கருகிக் கோடு விழும். காண்பவர் களத்தின் அழகைப் புகழ்வர். கத்தியைச் சாணை பிடித்தவன் பெயரை எவரும் கேட்பதில்லை. இக்கதை நமக்குப் புதிதன்று.

1926இல் ஒகையோ மாநிலத்து டொலீடோ நகரில், களம் பேணுவோர் 60 பேர் கூடித் தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். இன்று அது அமெரிக்கக் கோல்ப் களக் கண்காணிப்பாளர் சங்கமாக விளங்குகிறது. இயந்திரம் பேணுவோருக்கு அதில் நெடுங்காலம் தனி இடம் இல்லை. அவர்கள் வேறொரு சங்கம் வைத்து நடத்திப் பார்த்தனர். பின்னர்ப் பெரிய சங்கமே அவர்களுக்கென உறுப்பினர் வகுப்பொன்றை ஏற்படுத்தி, இரு நிலைகளில் தேர்வுகளும், அவற்றுக்கு மேல் ஒரு தகுதிப் பட்டமும் வகுத்தது. என்ஜின், மின்சாரம், எண்ணெயழுத்த இயக்கம், சாணைக்கலை யாவும் படிக்க வேண்டும். மின்கல வண்டிகளும் தாமே ஓடும் வண்டிகளும் வந்துவிட்ட இக்காலத்தில், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஆயினும், சங்கம் என்றாலே நன்மை என்று கருதிவிடலாகாது. அதே கோல்ப் துறையில், தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மாஸ்க், அச்சங்கம் பொதுக் களங்களில் போட்டி நடத்த இயலாது என்று உறுதியாக நின்றார். 1961இல் அவ்விதி நீங்கியது. கறுப்பின வீரர் சார்லி சிபோர்டுக்கு அப்போது வயது 39. விளையாட்டு வீரனின் நல்ல ஆண்டுகள் கதவருகிலேயே கழிந்துவிட்டன. நியூ ஆர்லியன்சில் ஜோசப் பார்த்தலோமியு என்ற கறுப்பினத்தவர், தாம் அமைத்துக் கொடுத்த களத்தில் ஆட அனுமதிக்கப்படவில்லை. கோயிலுக்குக் கல் சுமந்தும் வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில், அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டதோடு நில்லாமல், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளராகச் சேர்க்கவும் கேட்டார். பணிமனையும் கல்விச்சாலையே என்பதை அவர் அறிந்திருந்தார். நம்மவரில் சிலர் இன்றும் எழுத்தர் வேலையையே கல்வியின் எல்லையாகக் கருதுவது வியப்பே.

ஆகவே, பிட்டராயினும், டீசல் மெக்கானிக்காயினும், குளிர்சாதனம் பழுது பார்ப்பவராயினும், தத்தம் தொழிலுக்குரிய சங்கம் எது, அதன் விதிகள் யாவை, அது நடத்தும் தேர்வுகள் எவை என்று கேட்டறியுங்கள். விதிப்புத்தகத்தை முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுங்கள். சந்தா மிகுதி என்று அஞ்ச வேண்டா. அமெரிக்காவில் களத்தை நடத்தும் மன்றமே தன் மெக்கானிக்கின் சந்தாவைச் செலுத்துவது பல இடங்களில் வழக்கம். பணியில் சேரும் நாளிலேயே அதனைக் கேளுங்கள். இசைந்தால், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.