நீர்க்கணக்கும் பாட்டும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவில் மறைந்த பெரியோர் ஒருவரை நினைவுகூருமாறு பணித்தீர்கள். ஏரி மதகும் வாய்க்காலும் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலின், பொறிஞராகவும் கவிஞராகவும் எண்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த முனைவர் வா.செ.குழந்தைசாமி அவர்களையே என் நெஞ்சம் நாடிற்று.

காவிரிக்கு அக்கரையில், கரூரை அடுத்த வாங்கலாம்பாளையத்தில் 1929 ஜூலை 14 அன்று அவர் பிறந்தார். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1962-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரது துறை நீரியல்.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை நம் சரபங்கா நதிக்கு எப்போது, எவ்வளவு வந்து சேரும்? கேட்பதற்கு எளிது, விடை கூறுவது அரிது. பெய்த மழை முழுவதும் உடனே ஆறாகிவிடுவதில்லை. மண் குடித்தது போக, ஏரி குட்டைகளில் தங்கியது போக, எஞ்சியது தனக்குரிய காலத்தில் வருகிறது. மழையை வரவாகவும், ஆற்றோட்டத்தைச் செலவாகவும், இடையே நிலம் தேக்கி வைப்பதை இருப்பாகவும் கொண்டு, இம்மூன்றன் உறவைக் கணித வாய்பாடாக்கினார் அவர். பேராசிரியர் வென் தே சௌ அவர்களோடு இணைந்து அவர் வகுத்த முறை, நீரியலார் நடுவே அவர் பெயராலேயே வழங்குகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகம், பின்னர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணைவேந்தராக விளங்கினார். இத்தனைப் பொறுப்புகளுக்கு நடுவே ‘குலோத்துங்கன்’ என்னும் பெயரில் கவிதை எழுதினார். ‘வாழும் வள்ளுவம்’ என்னும் நூலுக்காக 1988-இல் சாகித்திய அக்காதெமி விருதும், 2002-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார்.

அவர் கருத்து அனைத்தும் எனக்கு உடன்பாடானவை அல்ல. இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்களுக்குத் தனிக்குறிகள் அமைத்தால் தமிழ் கற்கும் குழந்தையின் சுமை குறையும் என்றார். நான்கு வரிசையிலும் 72 எழுத்துகள் வடிவம் மாறும். பழைய நூல்கள் வருங்கால மக்களுக்கு அயலாகிவிடுமே என்று அன்றும் அஞ்சினேன், இன்றும் அஞ்சுகிறேன். அம்முறை நடைமுறைக்கு வரவில்லை. எனினும், எழுத்து கற்கும் குழந்தையின் பக்கம் நின்று சிந்தித்த அவ்வுள்ளத்தை நான் வணங்குகிறேன்.

அன்பர்களே, இன்று அவரை நான் நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தொடக்க நாளில் நம்மோடு அமர்ந்து கவிதை படித்த இளைஞர் சிலர் இன்று இங்கில்லை. வேலை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று ஒதுங்கிவிட்டனர். நாமும் அவர்களைக் ‘குடும்பத்தில் மூழ்கியவர்கள்’ என்று சற்று இளப்பமாகவே பேசியிருக்கிறோம். வள்ளுவர் இல்லறத்திற்கு இருபது அதிகாரமும் துறவறத்திற்குப் பதின்மூன்று அதிகாரமும் வகுத்தார், இல்லறத்தையே முன்வைத்தார். அதை மறந்து பேசியது நம் பிழை.

நானும் அவ்வாறு ஒதுங்கியவனே. மகள் பிறந்த ஆண்டில் நிறுத்திய எழுத்தை, இருபத்தாறு ஆண்டுகள் தொடவில்லை. 2016 டிசம்பர் 10 அன்று குழந்தைசாமி மறைந்தார். அச்செய்தியைப் படித்த இரவுதான் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். எழுதாத ஆண்டுகள் வீணானவை என்று வருந்தியிருந்தேன். ஆனால், அன்று எழுத வந்தவை எல்லாம் அந்த ஆண்டுகளிலிருந்தே வந்தன. மண்ணுக்குள் போன மழையும் கணக்கில் உண்டு என்பதைத் தொழிலில் அறிந்திருந்தும், வாழ்வில் அன்றுதான் உணர்ந்தேன்.

எனவே ஒரு வேண்டுகோள். இவ்விழா மலர் வெளிவந்ததும், முதற்படிகளை வாராதிருக்கும் அவ்வன்பர்களின் இல்லங்களுக்கு நாமே கொண்டு சென்று கொடுப்போம். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டா. பிள்ளைகள் நலமா என்று கேட்போம். அடுத்த கூட்டத்தின் நாளைச் சொல்லிவிட்டு வருவோம்.